துணைவினை

பகாவிலிருந்து கோலப்பிலா கோர்ட்டு வரைக்கும்
செம்பனை லோரிக்குப் பின்னால் முக்கால் மணி நேரம்.
குலையிலிருந்து உதிர்ந்த பழம் ஒன்று
கண்ணாடியில் பட்டுத் தெறித்தது இன்று.
பிரேக்கை மிதித்தேன்.
மிதித்த பிறகுதான் பயந்தேன்.
எது முதலில் என்று என்னிடம் யாரும் கேட்கமாட்டார்கள்.
நவநீதனிடம் கேட்டார்கள்.

எனக்கு வேலை மொழிபெயர்ப்பு.
கூண்டுக்குப் பக்கத்தில் நின்று
தமிழை வாங்கி மலாயில் கொடுப்பது.
பதினாறு வருஷம்.
கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன் என்று
சத்தியம் செய்திருக்கிறேன்.

மழை. இரவு இரண்டே கால்.
ஆட்டுக்கொட்டகைத் தகரம் சத்தம் போட்டது.
மூன்று ஆடு, ஒன்று சினை.
டார்ச் வெளிச்சத்தில் அல்போன்ஸ், கையில் பராங்.
ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள்.
பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்ட வருஷம்
இரண்டு வீட்டுச் சாமானும் ஒரே லோரியில்தான்
தோட்டத்தை விட்டு வெளியே வந்தது.
நவநீதன் கையில் குலை தள்ளும் கம்பு,
அலுமினியம், உளியைக் கழற்றி வைத்தது.

முதல் அடி மணிக்கட்டில்.
பராங் சாக்கடையில் விழுந்தது.
அதுவரைக்கும் சட்டம் அவன் பக்கம் நின்றது,
அதுவும் நனைந்துகொண்டு.

இரண்டாவது, அல்போன்ஸ் குனிந்தபோது.
எடுக்கக் குனிந்தானா, ஓடக் குனிந்தானா
என்று கேட்டார் அரசுத் தரப்பு அம்மா.
"குனிஞ்சான்" என்றான் நவநீதன்.

அப்புறமும் ஐந்து காயம் டாக்டர் அறிக்கையில்.
அல்போன்ஸ் பின்வரிசை ஓரத்தில்
சக்கர நாற்காலியில் இருக்கிறான்.
யார் பேசினாலும் திரும்புவதில்லை,
கழுத்து அப்படி.

"அடிச்சிட்டேன்."
மலாயில் புக்குல். அவ்வளவுதான்.
அந்த 'இட்டேனில்' இருந்த கைநடுக்கம்
எந்தத் தாளிலும் ஏறவில்லை.
"அடிச்சுப் போட்டேன்." அதுவும் புக்குல்.
'போட்டேனை' எங்கே கொண்டுபோய் வைப்பேன்?
அதற்குள் ஓர் ஆள் தரையில் கிடக்கிறான்.
"அடிச்சுக்கிட்டே இருந்தேன்" என்றபோது
அவன் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.
அவருக்குத் தமிழ் தெரியும்.

தொண்ணூற்றொன்பதாம் பிரிவு:
காத்துக்கொள்ளத் தேவையானதற்கு மேல்
ஒரு தீங்கும் ஆகாது.
அடுத்தது நூறு. சில நேரம் அது கொல்லவும் விடும்.
இரண்டும் ஒரே பக்கத்தில்தான் அச்சாகியிருக்கின்றன
என் புத்தகத்தில், டீக்கறையோடு.

யாங் அரிஃப் குரலை உயர்த்தாமல் கேட்டார்:
எதுவரைக்கும் அடித்தாய்?

நவநீதன் சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தான்.
"பயம் நிக்கிற வரைக்கும்."

சட்டம் கேட்பது ஆபத்து நின்ற நேரத்தை.
ஆபத்து சாக்கடையில் விழுந்தது, சத்தம் கேட்டது.
பயம் விழவில்லை.
அது கம்பின் இந்த முனையில் இருந்தது.

ஆபத்து என்றால் பஹாயா.
பயம் என்றால் தாக்குட்.
ஒரு சொல்லைப் புரட்டினால் போதும்,
ஒரு வீட்டுக்கு அப்பா திரும்பி வருவார்.
பின்வரிசையில் ஒருவன்
இன்னொரு தடவை விழுவான்.

தாக்குட் என்றேன்.
பேனா ஓடியது. மின்விசிறி ஓடியது.
தீர்ப்பு அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி.

காண்டீனில் அவன் மனைவி
என் மேசைப் பக்கம் வந்தாள்.
அவர் சொன்னதை அப்படியே சொன்னீங்களா என்று கேட்பாள்
என நினைத்தேன். தயாராக இருந்தேன்.
"ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு" என்றாள்.
"ஒண்ணு நிக்கமாட்டேங்குது."

இரவு மழை பிடித்துக்கொண்டது.
என் வீட்டுக் கதவுக்குப் பின்னாலும்
ஒரு கம்பு சாய்ந்திருக்கிறது,
இன்னும் வினைச்சொல் இல்லாமல்.
கேட்டைப் பூட்டியாச்சா என்றாள் மனைவி.
பூட்டிட்டேன் என்றேன்.
எழுந்து போய்ப் பார்த்தேன்.